எஞ்சினை இறக்குவதற்கு முன்னால்

கேள்வி:

ஐயாவுக்கு வணக்கம். நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். வீடு கோத்தகிரிக்குப் பக்கத்தில். என்னிடம் 1984ஆம் வருடத்து பிரீமியர் பத்மினி இருக்கிறது. மாமனார் கோயமுத்தூரில் ஓட்டிக்கொண்டிருந்த வண்டி. அவர் காலமான பிறகு, ஒன்றரை வருடம் முன்னால் மேலே கொண்டுவந்தேன். காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது, ஸ்டார்ட் ஆகிவிட்டால் கரும்புகை, பெட்ரோல் வாடை. லிட்டருக்கு 8 கிலோமீட்டர்கூடத் தேறவில்லை. வெயில் நேரத்தில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறினால் குஞ்சப்பனை தாண்டி நின்றுவிடுகிறது. அரை மணி கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறது. ஸ்டியரிங் கொஞ்சம் ஆடுகிறது. இறங்கும்போது பிரேக் பெடல் மெத்தென்று கீழே போகிறது, இரண்டு மூன்று முறை மிதித்தால் பிடிக்கிறது. கீழே போய் ஒரு மணி நேரம் நின்றால் பழையபடி ஆகிவிடுகிறது. சமவெளியிலிருந்து ஒரு மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழைத்தேன். ஆயில் மூடியைத் திறந்து உள்ளே வெள்ளையாகப் பசை இருப்பதைக் காட்டி ஹெட் கேஸ்கட் (எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் கசியாமல் அடைக்கிற தகடு) போய்விட்டது என்றார். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) பார்த்ததில் நான்கு சிலிண்டரும் 105, 100, 105, 100. பிஸ்டன் ரிங்கும் போய்விட்டதாம். எஞ்சினை இறக்கி முழு வேலை பார்க்க 1,20,000 ரூபாய், பெயின்டோடு சேர்த்தால் 2 லட்சம் என்கிறார். பழைய இரும்புக்காரர் 30,000 தருகிறேன் என்கிறார். கொடுத்துவிடுங்கள் என்பது மனைவியின் கட்சி. விண்டேஜ் வண்டி என்று பதிவு செய்தால் ஏதாவது சலுகை உண்டா? செலவு செய்யலாமா, விற்றுவிடலாமா?

பதில்:

சார், பிரேக் வேலை முடியும்வரை அந்த வண்டியில் மேட்டுப்பாளையம் இறங்காதீர்கள். கடிதத்தில் எஞ்சினைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறீர்கள். பிரேக்குக்கு இரண்டு வரிதான் கொடுத்திருக்கிறீர்கள். என் தூக்கத்தைக் கெடுத்தது அந்த இரண்டு வரி.

எஞ்சின் கெட்டால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். குஞ்சப்பனையில் நின்றால் ஒரு டீ குடித்துவிட்டுக் காத்திருக்கலாம். பிரேக் கெட்டால் நிற்காது. உங்கள் மெக்கானிக் 1,20,000 ரூபாய்க்குப் பட்டியல் போட்டாரே, அதில் பிரேக் எந்த இடத்தில் இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். எஞ்சினை இறக்கி ஏற்றி, பளபளவென்று பெயின்டும் அடித்து, பழைய பிரேக் ஆயிலோடு கையில் கொடுத்த வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

பெடல் மெத்தென்று போய், ஆறினதும் சரியாகிறது என்கிறீர்கள். இதற்கு அர்த்தம் அநேகமாக ஒன்றுதான். பிரேக் ஆயில் தண்ணீர் குடித்திருக்கிறது. பிரேக் ஆயிலின் சுபாவமே காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது. நம் ஊர் மூட்டத்தில் ஒன்றரை வருடம் நின்ற வண்டி வேறு. டாட் 3 என்று டப்பாவில் போட்டிருக்கிற ஆயில், புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்தக் கணக்கு 140க்கு இறங்கிவிடும். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், வழி நெடுக இறக்கம். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், மிதிக்க உதவுகிற பூஸ்டர் கிடையாது. காலை எடுக்காமல் இறங்கினால் டிரம்மின் சூடு, பிரேக்கைத் தள்ளுகிற வீல் சிலிண்டருக்கு வரும், உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகும். ஆயிலை அழுத்தினால் அழுந்தாது, அந்த அழுத்தம் பிரேக்குக்குப் போய்ச் சேரும். ஆவி அழுந்திக்கொடுத்துவிடும், பெடல் தரைக்குப் போகும். கீழே போய் ஒரு மணி நேரம் நின்றதும் ஆவி மறுபடி தண்ணீராகிவிடுகிறது, பெடல் நல்ல பிள்ளையாகிவிடுகிறது. இதனால்தான் பட்டறையில் நிறுத்திச் சோதித்தால் ஒரு குறையும் தெரியாது.

இதையே வேறு மாதிரி சொல்கிறவர்களும் உண்டு: "பெடல் கல்லு மாதிரி இருக்கு, ஆனா வண்டி நிக்கலை." அது டிரம்மை உரசிப் பிடிக்கிற லைனிங் சூடேறி வழுக்குவது. பின் சக்கரத்தில் ஆக்சில் ஆயில் சீல் கசிந்து லைனிங் நனைந்திருந்தாலும் பிடிக்காது, அப்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். உங்களுடையது மெத்தென்று போகிற வகை. ஆனாலும் நான்கு டிரம்மையும் கழற்றத்தான் வேண்டும். நாற்பது வயது வண்டியில் ஆயிலை மட்டும் மாற்றிவிட்டு அனுப்ப எனக்கு மனம் வராது.

வீல் சிலிண்டர் ரப்பர்கள், பெடல் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர், சக்கரத்துக்குப் போகிற ரப்பர் ஹோஸ்கள், லைனிங், எல்லாம் புதிதாக. சிலிண்டர் உள்ளே துரு தின்று குழி விழுந்திருந்தால் ரப்பர் மட்டும் போட்டுப் பிரயோஜனமில்லை, சிலிண்டரையே மாற்றுங்கள். டிரம்மில் வரி விழுந்திருந்தால் கடைசலுக்குக் கொடுக்கலாம். ஏற்கெனவே இரண்டு மூன்று முறை கடைந்து மெலிந்த டிரம் என்றால் வேண்டாம், மெல்லிசு டிரம் சீக்கிரம் சூடேறும். மாஸ்டர் சிலிண்டரில் ஒரே சுற்றா, முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிச் சுற்றா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே சுற்று என்றால் எங்கே ஒரு இடத்தில் கசிந்தாலும் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். அதனால் ஹோஸில் கஞ்சத்தனம் கூடாது. இந்த வேலை முழுக்க எங்கள் பட்டறையில் 10,000 முதல் 13,000 ரூபாய்க்குள் முடியும். நான் சொல்கிற தொகைகள் எல்லாமே குன்னூரில் என் பட்டறைக் கணக்கு. சாமான் கிடைப்பதைப் பொறுத்து, கைக்குக் கை மாறும். இனி இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஆயிலை மாற்றிவிடுங்கள். டாட் 4 ஊற்றினாலும் சரி. அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலை ஊற்றுகிற புண்ணியவான்கள் இருக்கிறார்கள், யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அத்தனை ரப்பரும் ஊதிப்போகும்.

இறங்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் மாமனார் காலத்து ஆட்களிடம் பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறங்குகிற பழக்கம் உண்டு. சிலர் சாவியையே அணைத்துவிடுவார்கள். ஏறின கியரில்தான் இறங்க வேண்டும். இரண்டாம் கியரில் ஏறின மேட்டை இரண்டாம் கியரில் இறங்குங்கள், எஞ்சின் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை அழுத்தி விடுங்கள், அழுத்தி விடுங்கள். காலை மேலேயே வைத்துத் தேய்க்காதீர்கள். இன்னொன்று, இந்த வண்டியில் முதல் கியருக்கு சிங்க்ரோ (ஓடும்போதே கியர் இதமாக விழ உதவுகிற அமைப்பு) கிடையாது. ஓடும்போது இரண்டிலிருந்து ஒன்றுக்குத் தள்ளினால் கறகறவென்று கத்தும், விழாது. இறக்கத்தில் அந்தப் போராட்டத்தில் நியூட்ரலில் மாட்டிக்கொண்டால் ஆபத்து. செங்குத்தான இறக்கம் என்றால் தொடங்குவதற்கு முன்பே நிறுத்தி முதல் கியர் போட்டுக்கொண்டு இறங்குங்கள். மேட்டில் நிறுத்தினால் ஹேண்ட் பிரேக் இருக்கட்டும், சக்கரத்துக்குக் கல்லும் வையுங்கள். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மேஸ்திரி டிக்கியில் ஸ்டெப்னி இல்லாமல்கூட வண்டியை அனுப்புவார், சக்கரத்துக்கு வைக்கிற கட்டை இல்லாமல் அனுப்ப மாட்டார்.

இப்போது எஞ்சின். சார், உங்கள் எஞ்சின் போய்விட்டது என்பதற்கு நீங்கள் எழுதியதில் ஒரு ஆதாரமும் எனக்குக் கிடைக்கவில்லை. நல்லதாக இருக்கலாம் என்பதற்குத்தான் கிடைத்திருக்கிறது.

105, 100, 105, 100. மெக்கானிக் சமவெளிக்காரர், அவர் மனதில் இருக்கிற எண் சமவெளி எண். உங்கள் வீடு இருப்பது ஏறக்குறைய 6,000 அடி உயரத்தில். அங்கே காற்றழுத்தம் கோயமுத்தூரைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. சிலிண்டர் உறிஞ்சுவதே மெலிந்த காற்றை. அதை எவ்வளவு அமுக்கினாலும் மீட்டர் குறைவாகத்தான் காட்டும். இதே எஞ்சின் இதே நிலையில் கோயமுத்தூரில் 120, 125 என்று காட்டியிருக்கும். நாற்பது வருட எஞ்சினுக்கு அது கௌரவமான எண். எண்ணைவிட முக்கியம், நான்கும் ஒன்றுபோல இருப்பது. கேஸ்கட் இரண்டு சிலிண்டருக்கு நடுவில் ஊதியிருந்தால் அந்த இரண்டு மட்டும் படுத்திருக்கும். வால்வு எரிந்திருந்தால் ஒன்று மட்டும் விழுந்திருக்கும். உங்களுடையது பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிற மாதிரி நிற்கிறது.

எதற்கும் ஒரு முறை சரியாகப் பார்த்துவிடலாம். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், நான்கு பிளக்கும் கழற்றியிருக்க வேண்டும், பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கிற காயிலுக்குப் போகிற ஒயரைப் பிடுங்கியிருக்க வேண்டும், பேட்டரி நன்றாக இருக்க வேண்டும், ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு செல்ஃப் அடிக்க வேண்டும். ஆக்சிலேட்டரை மிதிக்காமல் பார்த்தால் நல்ல எஞ்சினே குறைவாகக் காட்டும். பிறகு ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். எண் சட்டென்று ஏறினால் ரிங் தேய்மானம். மற்றவற்றைவிடக் குறைந்த ஒன்று ஏறாவிட்டால் வால்வுப் பக்கம். இரண்டு முறையும் பெரிதாக வித்தியாசம் இல்லை, நான்கும் சமம் என்றால் அந்த எஞ்சினைத் தொடாதீர்கள்.

அந்த வெள்ளைப் பசை? மலை வண்டிகளில் பாதிக்கு ஆயில் மூடியைத் திறந்தால் அது இருக்கும். குளிரில் நின்ற எஞ்சினுக்குள் ஈரம் படியும். வீட்டிலிருந்து கடைவீதி, கடைவீதியிலிருந்து வீடு என்று இரண்டு கிலோமீட்டர் ஓட்டினால் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வராது, ஈரம் வெளியேறாது. ஆயிலோடு கலந்து மூடியில் மயோனைஸ் மாதிரி ஒட்டிக்கொள்ளும். கேஸ்கட் போயிருந்தால் பசை மூடியோடு நிற்காது. ஆயில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக்கை உருவினால் ஆயிலே பால் காப்பி நிறத்தில் வரும். ரேடியேட்டரில் தண்ணீர் குறையும், ஓடும்போது குமிழி வரும். நீங்கள் தண்ணீர் குறைகிறது என்று எங்கேயும் எழுதவில்லை. துடைத்துவிட்டு, அரவேணு வரை ஒரு அரை மணி நேரம் நிதானமாக ஓட்டிவிட்டு (பிரேக் வேலைக்குப் பிறகு!) மறுபடி பாருங்கள்.

இவ்வளவு உறுதியாக எழுதக் காரணம் உண்டு. 1990களில், தொழிலுக்கு வந்து சில வருடங்களே ஆன துடிப்பில், ஒரு எஸ்டேட் பெரியவரின் ஃபியட்டை (உங்கள் பத்மினியின் மூத்த வடிவம், அதே எஞ்சின்) இதே வெள்ளைப் பசையைப் பார்த்துவிட்டு ஹெட்டைக் கழற்றினேன். இந்த எஞ்சினில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். பல வருடம் ஒன்றாகக் கிடந்தால் ஸ்டட் போல்ட்டுகள் அரித்து ஹெட்டோடு ஒட்டிக்கொள்ளும். தட்டித் தட்டி எடுத்ததில் ஹெட் வளைந்தது, இரண்டு ஸ்டட் முறிந்தது. கேஸ்கட் முழுசாக இருந்தது. கடைசல் கூலி என் கையிலிருந்துதான் போனது. அந்தப் பெரியவர் ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

கரும்புகைக்கும் காலை நேரத் தகராறுக்கும் வருகிறேன். நான் உங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் ரேடியேட்டர் மேல் ஹோஸ் சேருகிற இடத்தைத் திறந்து, உள்ளே தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கிற வால்வு) இருக்கிறதா என்று பார்ப்பேன். இருக்காது என்று பந்தயமே கட்டுவேன். சமவெளியில் எஞ்சின் சூடாகிறது என்று வந்தால் முதல் வைத்தியமாக அதைப் பிடுங்கி எறிவது பல பட்டறைகளில் வழக்கம். கோயமுத்தூர் வெயிலில் அது இல்லாமலும் காலம் ஓடும். கோத்தகிரி மார்கழியில் ஓடாது. எஞ்சின் சூடே ஏறாது, பெட்ரோல் சரியாக ஆவியாகாது, நீங்கள் சோக்கை (குளிரில் ஸ்டார்ட் ஆவதற்குப் பெட்ரோலைக் கூட்டுகிற இழுப்பான்) இழுத்தபடியே ஓட்டுவீர்கள், பிளக் கரி பிடிக்கும், மைலேஜ் விழும், ஆயில் மூடியில் வெள்ளைப் பசை சேரும். உங்கள் கடிதத்தில் பாதி இந்த ஒரு சாமானில் அடங்கிவிடுகிறது. விலை சில நூறு ரூபாய். தெர்மோஸ்டாட் போடும்போது ரேடியேட்டரையும் கழுவி, குழாய்த் தண்ணீருக்குப் பதில் கூலன்ட் ஊற்றுங்கள். இரும்பும் அலுமினியமும் சேர்ந்த எஞ்சினுக்குப் பச்சைத் தண்ணீர் ஆகாது. ரேடியேட்டர் மூடியின் ரப்பரையும் பாருங்கள். உங்கள் உயரத்தில் திறந்த பாத்திரத் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி அழுத்தம் பிடித்தால்தான் அதற்கு மேல் தாங்கும். எல்லாம் சேர்த்து 2,500 ரூபாய். ரேடியேட்டர் அடைத்துப்போய்க் குழாய்களையே மாற்ற வேண்டி வந்தால் மட்டும் இன்னொரு 6,000, 7,000 ஆகும்.

அடுத்து சோக் கேபிள். உள்ளே தள்ளினாலும், பெட்ரோலைக் காற்றோடு கலக்கிற கார்பரேட்டரில் சோக் முழுக்கத் திரும்புகிறதா என்று பானட்டைத் திறந்து கண்ணால் பாருங்கள். கேபிள் துருப்பிடித்து பாதியிலேயே நின்றிருக்கும். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும் புகை கறுக்கும். கார்பரேட்டருக்குள் பெட்ரோலை அளவாக நிறுத்துகிற மிதவை ஊசி தேய்ந்து பெட்ரோல் வழிந்தாலும் அதே கதை. கார்பரேட்டருக்கு ஒரு ரிப்பேர் கிட் போட்டுச் சுத்தம் செய்ய 1,500 ரூபாய் போதும்.

"உயரத்துக்கு ஏற்ற மாதிரி ஜெட்டை மாற்றிவிடுங்கள்" என்று யாராவது சொல்வார்கள். காரணம் நியாயமானதுதான். மெலிந்த காற்றுக்கு அதே பெட்ரோல் அதிகம். ஜெட் என்பது கார்பரேட்டரில் பெட்ரோல் வருகிற துளை; உங்கள் சோலெக்ஸ் கார்பரேட்டர் ஜெட்டில் பொறித்திருக்கும் எண் அந்தத் துளையின் அளவு, 120 என்றால் 1.20 மில்லிமீட்டர். அதை 115 ஆக்கினால் நம் உயரத்துக்கு ஏறக்குறைய கணக்கு நேராகும். நானும் முன்பெல்லாம் மாற்றியவன். இப்போது அவசரப்படுவதில்லை. பெட்ரோல் பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்குக் காற்று குறைவாகவே வேண்டும், அதனால் கலவை தானாகவே இளைத்துவிடுகிறது. மலை கூட்டுவதை எத்தனால் கழித்துவிடுகிறது. இதற்கு மேல் ஜெட்டையும் சின்னதாக்கிக்கொண்டு கோயமுத்தூர் வெயிலில் இறங்கினால் எஞ்சின் இளைத்துச் சூடேறும். தெர்மோஸ்டாட், சோக், ஃபில்டர் எல்லாம் சரியான பிறகும் பிளக் கறுத்தால் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த எத்தனாலால் உங்களுக்கு வேறொரு தொல்லை உண்டு. பழைய ரப்பர் பெட்ரோல் ஹோஸ், பம்ப் டயாஃப்ரம் இவற்றை அது மெதுவாகத் தின்னும். தண்ணீரையும் இழுத்து டேங்கில் துருவைக் கிளப்பும். பெட்ரோல் வாடை வருகிறது என்றீர்களே, முதலில் ஹோஸ்களைத் தடவிப் பாருங்கள். வெடிப்போ பிசுபிசுப்போ இருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். எத்தனால் தாங்குகிற ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். ஹோஸ், ஒரு ஃபில்டர், பம்ப் கிட் எல்லாம் 2,500க்குள்.

குஞ்சப்பனை விவகாரத்தில் ஆளாளுக்கு ஒன்று சொல்லியிருப்பார்கள். பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி சுற்றச் சொல்லியிருப்பார்கள். சூட்டில் பைப்புக்குள் பெட்ரோல் ஆவியாகி ஏர் லாக் ஆவது இந்த வண்டிகளில் உண்டு, துணி வைத்தியம் அதற்கு வேலையும் செய்யும். ஆனால் சூடேறினதும் செத்து, ஆறினதும் உயிர்பெறுகிற சாமான் இன்னும் இரண்டு இருக்கிறது. ஒன்று காயில், இன்னொன்று, நான்கு பிளக்குக்கும் கரண்டைப் பங்கிடுகிற டிஸ்டிரிபியூட்டரில் இருக்கிற கண்டன்சர். அனுபவத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது கண்டன்சரைத்தான். ஊகித்து எதையும் மாற்ற வேண்டாம், அடுத்த முறை நின்றால் அங்கேயே கண்டுபிடித்துவிடலாம். சாவியை அணைத்துவிட்டு, ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்பரேட்டர் வாய்க்குள் பார்த்தபடி ஆக்சிலேட்டர் கம்பியைக் கையால் இழுங்கள். பீச்சாங்குழல் மாதிரி பெட்ரோல் பீச்சினால் பெட்ரோல் வந்திருக்கிறது, குற்றம் கரண்டில். கண்டன்சரையும் பிறகு காயிலையும் மாற்றுங்கள். பீச்சவில்லை என்றால் பெட்ரோல் வரவில்லை. அப்போது டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே போகிற சத்தம் கேட்டால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. ஒரு குண்டூசியால் தீர்கிற வியாதி. சத்தம் இல்லையென்றால் டேங்க் துரு ஃபில்டரை அடைத்திருக்கலாம், அல்லது நிஜமாகவே ஏர் லாக். பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவில் சூடு தடுக்கிற பட்டை சரியாக இருக்கிறதா, பெட்ரோல் பைப் சைலன்சர் பக்கம் உரசிப் போகிறதா என்று பார்க்க வேண்டும். இத்தனையையும் சிகரெட் பிடிக்கிறவர் பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள்.

பாயின்ட், கண்டன்சர், ரோட்டார், டிஸ்டிரிபியூட்டர் மூடி, பிளக், பிளக் ஒயர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றி டைமிங் வைக்க 2,500 ரூபாய் ஆகும். மூட்டத்தில் ஈரம் இறங்கி மூடிக்குள் கரண்ட் கசிவதும் காலை நேரத் தகராறுக்கு ஒரு காரணம். மூடியில் முடி மாதிரி கீறல் இருந்தால் அதில்தான் கசியும். கழற்றின பழைய கண்டன்சர் நல்லதாக இருந்தால் எறியாதீர்கள், டாஷ்போர்டில் கிடக்கட்டும். இப்போது வருகிற புதுக் கண்டன்சர்கள் சில ஒரு மாதம்கூடத் தாங்குவதில்லை.

ஸ்டியரிங் ஆட்டத்துக்கு கிங் பின்னை (முன் சக்கரம் திரும்புவதற்கு அச்சாக இருக்கிற பின்) பாருங்கள். முன் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கடகடவென்றால் அதுவாக இருக்கலாம். ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின். பெரும்பாலும் யாரும் கிரீஸ் அடிக்காததுதான் காரணம். கிரீஸ் நிப்பிள் மேல் பெயின்ட் அடித்து மூடிய வண்டிகளே உண்டு. கிட், புஷ் அளவுக்குக் கடைதல், டை ராட் முனைகள் சேர்த்து 7,000 முதல் 9,000. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். டயரின் பூ (மேல் வரிகள்) நன்றாக இருந்தாலும் பத்து வருடம் தாண்டிய டயரோடு மலை ரோட்டில் ஓட்டாதீர்கள். நான்கு டயருக்கு 12,000, 14,000 ஆகும். இதை யாரும் ரிப்பேர் கணக்கில் சேர்ப்பதில்லை, ஆனால் காசு அதே பாக்கெட்டிலிருந்துதான் போகிறது.

ஆக டயரை விட்டுவிட்டால் 26,000 முதல் 31,000 ரூபாய். டயரோடு 38,000 முதல் 45,000. இதைக் கீழே சொல்கிற வரிசையில், ஒரே நாளில் இல்லாமல், மூன்று நான்கு மாதமாகச் செய்யுங்கள். முதலில் பிரேக், பிறகு முன் சக்கரம், டயர், பிறகு தெர்மோஸ்டாட்டும் கரண்டும் பெட்ரோலும். எஞ்சினைக் கடைசியில் யோசிப்போம். பெயின்டை அதற்கும் பிறகு.

ஒரே ஒரு இடத்தில் என் கணக்கு தப்பலாம். அது துரு. கால் மிதிக்கிற விரிப்பை நீக்கிவிட்டு, கால் வைக்கும் தரையிலும் கதவுக்குக் கீழே ஓடுகிற பெட்டியிலும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். இந்த வண்டிக்குத் தனி சேஸ் (அடிச்சட்டம்) இல்லை, தகரமே எலும்பு. நாலு ஓட்டை என்றால் தகரம் வெட்டிப் பற்றவைத்து 10,000, 15,000 ரூபாயில் முடிக்கலாம். முன் சஸ்பென்ஷன் பிடிக்கிற இடமே பொருபொருவென்று உதிர்ந்தால் மேற்படிக் கணக்கையெல்லாம் கிழித்துப் போடுங்கள், உங்கள் வீட்டம்மா சொல்வது சரி. அப்போதும் இரும்புக்காரருக்கு வேண்டாம். இதே வண்டி வைத்திருக்கிற யாருக்காவது சாமானுக்காகக் கொடுங்கள், அதிகம் கிடைக்கும்.

சாமான் கிடைக்குமா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய கேள்வி. பம்பாய் குர்லாவில் இருந்த பிரீமியர் கம்பெனி இந்த வண்டியை நிறுத்திக் கால் நூற்றாண்டு ஆகிறது. ஆனாலும் இத்தனை நாள் சாமான் தட்டுப்பாடு தெரியவில்லை, காரணம் மும்பை டாக்ஸிகள். அவை ஓடிய வரை சாமான் செய்கிறவர்களும் செய்துகொண்டிருந்தார்கள். 2023 அக்டோபரோடு அங்கே கடைசி பத்மினி டாக்ஸியும் நின்றுவிட்டது. பிரேக் ரப்பர், கிங் பின், கிளட்ச், கேஸ்கட் இவை இன்றைக்கும் கோயமுத்தூரிலும் சென்னை புதுப்பேட்டையிலும் தேடினால் கிடைக்கின்றன. கண்ணாடி, கதவுப் பிடி, விளக்கு வளையம் இவைதான் தவம் கிடக்க வேண்டிய சாமான்கள். நல்ல பழைய சாமான் கண்ணில் பட்டால் தேவை வரட்டும் என்று காத்திருக்காமல் வாங்கிப் போடுங்கள். வீல் சிலிண்டரும் மாஸ்டர் சிலிண்டரும் மட்டும் பழையதாக வாங்காதீர்கள்.

விண்டேஜ் பதிவு இப்போது உங்களுக்கு இல்லை. 2021இல் வந்த மத்திய அரசு விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும். உங்கள் வண்டிக்கு அது 2034. புதிதாக விண்டேஜ் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அப்படிப் பதிவு செய்த வண்டியைத் தினசரி உபயோகத்துக்கு ஓட்டவும் கூடாது. கண்காட்சிக்கும் பழைய கார் ராலிக்கும் கொண்டுபோகிறவர்களுக்கான ஏற்பாடு அது. நீங்கள் கடைவீதிக்குப் போக வேண்டியவர். இருக்கிற ஆர்.சி.யைக் காலாவதி ஆகாமல் புதுப்பித்துக்கொண்டு வாருங்கள்.

இப்போதைக்கு ஒரு வேலை செய்யுங்கள். நான்கு பிளக்கையும் கழற்றி, எது எந்தச் சிலிண்டர் என்று மாறாமல், ஒரு வெள்ளைத் தாளில் வரிசையாக வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். நான்கும் ஒரே மாதிரி உலர்ந்த கரியாக இருந்தால் நான் மேலே எழுதியது அப்படியே நிற்கும். அதில் ஒன்று மட்டும் எண்ணெய்ப் பசையாக மினுங்கினால், அந்தச் சிலிண்டரைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.